மீதி வண்டி

குன்னூர் ஒர்க்‌ஷாப் ஒன்றின் டிராயரில் கிடைத்த போட்டோ.
பின்பக்கம் பென்சிலில்: பிட்டர் செபமாலை, 1962.
முன்பக்கம்
எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு கார்.
நீண்ட மூக்கு. கதவு கிடையாது.
இருவர் உட்காரலாம்,
மூன்றாவது ஆளாக மழை ஏறிக்கொள்ளும்.

தேயிலை டிரையருக்கென்று வந்த அலுமினியத் தகட்டை
ராத்திரி ஷிப்டில் மட்டும் தட்டி வளைத்தானாம்.
துரைக்குத் தெரியாது என்றார்கள்.
துரைதான் தகடே வாங்கித் தந்தார் என்றும் சொன்னார்கள்.
சோழவரம் ஓடுதளத்தில் ஒரே ஒரு பந்தயம்.
மூன்றாம் சுற்றில் ரேடியேட்டர் கொதித்து நின்றது.
அப்புறம்
வண்டி மலையேறியதற்குச் சாட்சி உண்டு,
இறங்கியதற்கு இல்லை.

கோயம்புத்தூரில் என் பார்ட்டி
பதினோரு கார்களை ஏசி போட்டுத் தூங்கவைத்திருப்பவர்.
பன்னிரண்டாவதற்கு
தரையில் மஞ்சள் கோடு இழுத்தாகிவிட்டது.
அந்தக் காலிக் கட்டத்துக்காக
ஒன்றரை வருடமாய் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறுகிறேன்.

ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில்
நான் கேட்ட பக்கத்தைப் பூஞ்சை படித்து முடித்திருந்தது.
வெலிங்டன் பங்க்கின் பழைய கடன் நோட்டில்
செபமாலை, இரண்டு கேலன், பாக்கி.
கோத்தகிரியில் ஒருவர் முழு வண்டியே காட்டினார்.
பைபர் மூக்கு,
பெயிண்ட் விரலில் ஒட்டியது.
டீ நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

அருவங்காட்டில் ஒரு சலூன்.
காத்திருப்பவர்களுக்குப் போட்ட பெஞ்சின் ஓரத்தில்
சிவப்பு ரெக்சின் பக்கெட் சீட்.
உட்கார்ந்ததும்
கால் தானாக நீண்டு
இல்லாத கிளட்ச்சைத் தேடியது.
கட்டிங்கா ஷேவிங்கா என்றார்.
இரண்டும் செய்துகொண்டு விலை கேட்டேன்.
"குடுத்துட்டா வர்றவங்க எங்க உட்காருவாங்க?"

எல்லநள்ளியில் பானெட்,
கோழிக்கூண்டின் கூரையாக.
காற்றுக்கு வெட்டிய பிளவுகள் வழியே
ஒரு சேவல் என்னை விசாரித்தது.

கேத்தி பாலாடாவில் அன்று
பாத்தி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது
என்று தெரியவில்லை.
கேரட் கழுவும் மிஷின்களின் இரைச்சலுக்கு அடியில்
இன்னொரு குரல்.
பம்ப்செட் இப்படிப் பேசாது.
நான்கு சிலிண்டர்.
இரண்டாவதில் சின்ன விக்கல்.
தகரக் கொட்டகைக்குள்
மரக்கட்டையில் போல்ட் அடித்து நிறுத்தி,
மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு
ஓடையை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது
பந்தயத்தில் பாதியில் நின்ற அந்த எஞ்சின்.

கிரீஸைத் துடைத்து, காகிதம் வைத்து,
பென்சிலால் தேய்த்தேன்.
ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது.
கடைசி ஏழு வந்தபோது கை நடுங்கியது.
குளிர்.

"என்ன எழுதறீங்க?"
களைக்கொத்தோடு நஞ்சி.
விவரம் சொன்னேன்.
காயலாங்கடை விலையும் சொன்னேன்.
அவள் களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கணக்குப் போட்டாள்.
ஐந்து ஹெச்.பி. புது மோட்டார்.
முந்நூறு அடி ஹோஸ்.
கனெக்‌ஷனுக்கு ஈ.பி. ஆபீஸ் நடையாய் நடக்கும் கூலி.
அப்புறம் இத்தனை வருஷம் இழுத்ததற்கு
இதற்கென்று ஒரு மரியாதை.
"அதுவும் கேரட் பிடுங்கினப்புறம்தான்.
இப்ப கழட்டினா
உங்க பார்ட்டி வந்து தண்ணி ஊத்துவாரா?"

சரி என்றேன்.
வேறென்ன சொல்ல?
நான் வரப்பேறியபோது
பனியிடம் பேசுவதுபோல் சொன்னாள்:
"மீதி வண்டி எங்க கிடக்குன்னு தெரியும்.
நாலு சக்கரத்தோட.
அதுக்குத் தனிக் காசு."

எஞ்சின் ஒருமுறை விக்கி, சமாளித்தது.
வாய்க்கால் நிரம்பி
என் ஷூவுக்குள் வந்தது தண்ணீர்.